மூணாவது கடைக்காரன்

ஏலே, அமெரிக்க சிட்டிசன் ஆயிட்டியாம்லா. கையைத் தூக்கிச் சத்தியம் பண்ணின போட்டோவை உங்க அம்மை தெரு பூரா காட்டிட்டா. கோட்டு நல்லாத்தான் இருக்கு, தோள்பட்டைதான் உனக்குக் கொஞ்சம் தொங்குது. அது கெடக்கட்டும். 2028-ல ஜனாதிபதிக்குப் போடப் போற மொதல் ஓட்டு, அதை ரெண்டு பெரிய கட்சிக்கும் போட மாட்டேன், மூணாவதா ஒரு யோக்கியன் நின்னா அவனுக்குத்தான்னு மிச்சிகன் பூரா சொல்லிக்கிட்டுத் திரியுதியாமே. உன் வீட்டுக்காரி போன்ல அழாத குறை. "தாத்தா, நீங்க சொன்னா அவங்க கேப்பாங்க"ங்கா. நான் சொல்லி நீ எதைக் கேட்ட? கம்ப்யூட்டர் வேண்டாம்லே, டீச்சர் டிரெயினிங் போன்னு தலையால அடிச்சுக்கிட்டேன். கேட்டிருந்தா இன்னைக்கு இந்த ஓட்டுப் பிரச்சினையே உனக்கு வந்திருக்காது.

யோக்கியனுக்கு ஓட்டுப் போடுறது பாவம்னு நான் சொல்லலை. நீ போட்டா யாரு ஜெயிப்பான்னு ஒரு நிமிஷம் யோசிச்சியான்னுதான் கேக்கேன். நீ போட்ட ஆளு ஜெயிக்க மாட்டான்; அது உனக்கும் தெரியும், அவனுக்கும் தெரியும், அவன் பொண்டாட்டிக்கு ரொம்ப நல்லாவே தெரியும். லிங்கனுக்குப் பொறவு எலெக்‌ஷன்ல ஜெயிச்சு வெள்ளை மாளிகைக்குள்ள போனவங்க அத்தனை பேரும் ரிபப்ளிக்கன், இல்லைன்னா டெமாக்ரட். பொறவு மூணாவது ஆளு நின்னா என்ன நடக்கு? பஸ் ஸ்டாண்டுல ரெண்டு டீக்கடை இருக்குன்னு வையி. மூணாவதா ஒருத்தன் கடை போடுதான். அவன் டீ எந்தக் கடை டீ ருசியில இருக்கோ, அந்தக் கடை யாவாரம்தான் படுக்கும். எதிர்த்த கடைக்காரன் கல்லாவுல உக்காந்து சிரிப்பான். விவரமானவனா இருந்தா புதுக்கடைக்கு வாழைமரம் கட்டுத செலவையும் அவனே ஏத்துக்குவான்.

கதையா சொல்லுதேன்னு நெனைக்காதே. 1844-ல நடந்ததைக் கேளு. ஹென்றி கிளேன்னு ஒருத்தரு, ஜேம்ஸ் போல்க்னு ஒருத்தரு. டெக்சாஸை நாட்டோட சேர்த்து, அங்க அடிமை முறையையும் இருக்க விடணும்னு நின்னவரு போல்க். கிளேயும் அடிமைகளை வச்சிருந்த ஆளுதான், ஆனா டெக்சாஸைச் சேக்கிற விஷயத்துல தயங்கினாரு. அடிமை முறையே கூடாதுன்னு சொன்ன நல்ல மனுசங்க பாத்தாங்க. பெரிய கட்சி ரெண்டும் அழுக்கு, நமக்கு வேண்டாம்னு ஜேம்ஸ் பிர்னிங்கிறவரை லிபர்ட்டி கட்சி சார்பா நிறுத்தினாங்க. நியூயார்க்ல பிர்னிக்குக் கிட்டத்தட்ட 15,800 ஓட்டு. அங்க போல்க் கிளேயை முந்தினது 5,100 சொச்சம்தான். நியூயார்க்கோட 36 எலக்டோரல் ஓட்டும் போல்க் பையில விழுந்து, அவரே ஜனாதிபதி ஆயிட்டாரு. அது கிளேக்குப் போயிருந்தா கிளேதான் ஜனாதிபதி. அடுத்த வருசமே டெக்சாஸ் அடிமை மாநிலமாச் சேந்துச்சு, 1846-ல மெக்சிகோவோட சண்டையும் வந்துச்சு. அடிமை முறையை ஒழிக்கணும்னு சுத்தமான மனசோட ஓட்டுப் போட்டவன் அன்னைக்கு ராத்திரி நிம்மதியாத் தூங்கியிருப்பான். டெக்சாஸ் பருத்திக்காட்டுல இருந்தவன் தூங்கினானான்னு யாருக்குத் தெரியும்?

உங்க ஊருக் கணக்கே ஒரு தினுசுலே. நாடு பூரா யாருக்கு ஓட்டு அதிகம்னு ஒருத்தனும் பாக்கிறது கிடையாது. மாநிலத்துக்கு இம்புட்டுன்னு பிரிச்சு மொத்தம் 538 எலக்டோரல் ஓட்டு. 270 புடிச்சவன் ராசா. மெய்ன், நெப்ராஸ்கா ரெண்டைத் தவிர மத்த இடமெல்லாம், ஒரு ஓட்டு கூட வாங்கினவன் அந்த மாநிலத்தையே வாரிச் சுருட்டிக்கிட்டுப் போயிருதான். 1992-ல ராஸ் பெரோன்னு டெக்சாஸ் கோடீஸ்வரரு நின்னாரே, அரை மணி நேரம் டி.வி.யை விலைக்கு வாங்கி, அட்டையில கோடு போட்டுக் குச்சியால காட்டிக் கடன் கணக்குப் பாடம் நடத்தினாரே, அவருக்கு 1.97 கோடி ஓட்டு. நூத்துக்கு 19. எலக்டோரல் ஓட்டு எத்தனை தெரியுமா? ஒண்ணுகூட இல்லை. 1968-ல நின்ன ஜார்ஜ் வாலஸுக்கு நூத்துக்குப் பதிமூணரைதான், ஆனா எலக்டோரல் ஓட்டு 46. வெள்ளைக்காரன் வேற, கறுப்பன் வேறன்னு பேசின மனுசன். அவருக்குக் கெடச்ச ஓட்டுல பெரும்பகுதி தெக்க ஒரே மூலையில குவிஞ்சு கெடந்துச்சு, அஞ்சு மாநிலத்தை அள்ளிட்டாரு. நாடு பூரா நல்ல பேரு வாங்கினவனுக்கு முட்டை, ஒரு மூலையில வெறுப்பைக் கிளப்பினவனுக்கு 46. அமைப்பு அப்படி.

மூணாவதா நின்னு ரெண்டாவது வந்தவரு ஒருத்தரு உண்டு. தியோடர் ரூஸ்வெல்ட். முன்னாள் ஜனாதிபதி. தன் சிநேகிதன் டாஃப்டைத் தானே கைகாட்டி நாற்காலியில உக்கார வச்சாரு. பொறவு அவன் சரியில்லைன்னு கோவிச்சுக்கிட்டு, 1912-ல தனிக்கட்சி கண்டு அவனுக்கு எதிராவே நின்னாரு. அக்டோபர் 14, மில்வாக்கியில மீட்டிங்குக்குக் கெளம்புதாரு, ஒருத்தன் நெஞ்சுல சுட்டுப்புட்டான். பையில அம்பது பக்கப் பேச்சை மடிச்சு வச்சிருந்தாரு, கண்ணாடிக்கூடு ஒண்ணும் இருந்துச்சு. குண்டு ரெண்டையும் துளைச்சு வேகம் கொறைஞ்சு உள்ள போய் நின்னுட்டு. மனுசன் ஆஸ்பத்திரிக்குப் போகலை. நேரா மேடைக்குப் போயி, ரத்தச் சட்டையோட ஒரு மணி நேரத்துக்கு மேல பேசிட்டுத்தான் எறங்கினாரு. நீளமாப் பேசுதவனை இனிமே கேலி பண்ணாதே, சில நேரம் உசிரைக் காப்பாத்தும். அப்படிப்பட்ட ஆளுக்கே நூத்துக்கு 27, டாஃப்டுக்கு 23. ரெண்டையும் கூட்டினா பாதிக்கு மேல. நடுவுல நின்ன உட்ரோ வில்சன் 42-ஐ வச்சுக்கிட்டு 435 எலக்டோரல் ஓட்டை வாரிட்டுப் போயிட்டாரு. நாற்காலியில இருந்த டாஃப்டுக்குக் கெடச்சது எட்டே எட்டு.

இப்போ நீ அடிக்கடி சொல்லுத 2000-க்கு வருவோம். ரால்ஃப் நேடர். நான் குறை சொல்ல மாட்டேன்ப்பா. கார்ல ஏறின உடனே பெல்ட்டு மாட்டுதியே, அந்தப் பாதுகாப்புச் சட்டம் வாரதுக்குக் கம்பெனிக்காரனோட மல்லுக்கு நின்ன ஆளு. கிரீன் கட்சி சார்பா நின்னாரு. நூத்துக்கு அஞ்சு வாங்கினா அடுத்த எலெக்‌ஷனுக்குக் கட்சிக்கு சர்க்கார் பணம் கெடைக்கும்னு ஒரு கணக்கு. வாங்கினது மூணுக்கும் கீழ. பாஸ்டன்ல ரிபப்ளிக்கன் புஷ்ஷும் டெமாக்ரட் கோரும் பேசுத விவாதத்தைப் பாக்கப் பார்வையாளர் சீட்டோட போனவரை வாசல்லேயே திருப்பி அனுப்பினாங்க. மேடையில ஏறக்கூட இல்லைலே, உக்காந்து பாக்கப் போனவரை! அவரைப் பாத்து அம்புட்டுப் பயம்.

புளோரிடாவுலதான் முடிவே தொங்கிச்சு; அங்க கோரை புஷ் கடைசியா முந்தினது 537 ஓட்டு. நேடர் வாங்கினது 97,488. ஓட்டுப் போட்டவங்களை வாசல்ல மறிச்சுக் கேட்டப்போ, நேடர் இல்லைன்னா கோருக்குப் போட்டிருப்போம்னு சொன்னவன் கிட்டத்தட்டப் பாதி, புஷ்ஷுக்குன்னவன் அஞ்சுல ஒருத்தன், மிச்சவன் வீட்டுல கால் நீட்டிப் படுத்திருப்பேன்னுட்டான். எப்படிக் கழிச்சாலும் 537 மிஞ்சும். இதை எல்லாரும் சொல்லுதாங்க. யாரும் சொல்லாத சங்கதி ஒண்ணு இருக்கு, காதைக் கொடு.

1998-ல புளோரிடாக்காரன் சின்னக் கட்சியும் சுலபமா நிக்கலாம்னு விதியைத் தளர்த்தினான். நல்ல காரியம்தானே? அதனால 2000-ல ஜனாதிபதி பதவிக்கு மட்டும் பத்து ஜோடிப் பேரு. பாம் பீச்சுங்கிற இடத்துல வயசாளிங்க ஜாஸ்தி. பத்துப் பேரையும் ஒரே வரிசையில அடைச்சா எழுத்துப் பொடியாப் போயிரும், கெழடு கெட்டைக்குக் கண்ணு தெரியாதேன்னு ரெண்டு பக்கமாப் பிரிச்சு, நடுவுல துளை வரிசையை வச்சு அச்சடிச்சுட்டாங்க. இடப் பக்கம் மொதல்ல புஷ், ரெண்டாவது கோர். ஆனா ரெண்டாவது துளை வலப் பக்கத்துல இருந்த இன்னொரு சின்னக் கட்சிக்காரரு பேட் புக்கானனுக்கு. கோரோட துளை மூணாவது. ரெண்டாவது பேருக்கு ரெண்டாவது துளைன்னு நெனைச்சுக் குத்தினவங்க எத்தனை பேரோ! புக்கானனுக்கு அங்க 3,400-க்கு மேல விழுந்துச்சு. யூதப் பெரியவங்க நிறைய இருக்க இடம், புக்கானன் பேரைக் கேட்டாலே மூஞ்சியைத் திருப்பிக்கிறவங்க. இதுல முக்காவாசி எனக்கு விழுந்த ஓட்டா இருக்காதுன்னு டி.வி.யில அவரே ஒத்துக்கிட்டாரு. தப்பாக் குத்திட்டோமேன்னு பதறி இன்னொரு துளையையும் சேத்துக் குத்தி, செல்லாம போன சீட்டு 19,000-க்கு மேல. மூணாவது ஆளு ஓட்டைப் பிரிச்சுதான் கெடுக்கணும்னு இல்லைலே. சீட்டுல இடத்தை அடைச்சுக்கிட்டாலே போதும். என் வயசுக்காரனுக்கு எழுத்தைப் பெருசாக்கப் போயி நாட்டோட தலையெழுத்தே மாறினதை நெனைச்சா, உன் ஆச்சி எனக்குப் பேப்பர் வாசிச்சுக் காட்டுதது எம்புட்டு நல்லதுன்னு தோணுது.

இதையெல்லாம் கேட்டுட்டு, பாத்தியா, மூணாவது ஆளாலதான் எல்லாம் போச்சுன்னு உன் வீட்டுக்காரி குதிப்பா. அவகிட்டயும் ஒரு வார்த்தை சொல்லு. கோருக்கு மொத்தம் 266 எலக்டோரல் ஓட்டு. அவரு சொந்த மாநிலம் டென்னஸியில 11. அதையும் புஷ் கொண்டு போயிட்டாரு. சொந்த ஊர்ல ஜெயிச்சிருந்தா புளோரிடா பக்கம் தலை வச்சுப் படுத்திருக்கவே வேண்டாம். புளோரிடாவுலயே சோசலிஸ்ட் தொழிலாளர் கட்சிக்காரரு 562 ஓட்டு வாங்கியிருக்காரு, அதுவும் 537-ஐ விடக் கூடத்தானே? அவரை யாராச்சும் திட்டுதாங்களா? பேரே யாருக்கும் தெரியாது, அதனால தப்பிச்சாரு.

2016-ல உங்க மிச்சிகன்லயே நடந்துச்சுல்லா. டிரம்ப் முந்தினது 10,704. கிரீன் கட்சி ஜில் ஸ்டைன் 51,000 சொச்சம் வாங்கினாங்க. அந்தம்மாதான் ஹிலாரியைக் கவுத்துட்டாங்கன்னு ஒரே பேச்சு. அதே மிச்சிகன்ல லிபர்டேரியன் கேரி ஜான்சன் 1,72,000 வாங்கினாரே, அதுல டிரம்புக்குப் போக வேண்டியது எத்தனைன்னு யாரும் கேக்கலை. ஜனாதிபதி இடத்தை வெறுமனே விட்டுட்டு மத்த பதவிக்கெல்லாம் போட்டுட்டு வந்தவங்க மட்டும் 75,000-க்கு மேல. தோத்தவனுக்குக் கைகாட்ட ஒரு ஆளு வேணும். தன் பக்கம் வராத ஓட்டை வரப்பு வெட்டிக்கிட்டான்னு சொல்லுததுக்கு ஓட்டு என்ன பாட்டன் சொத்தா? 2024-ல டியர்பார்ன் ஊர்ல காஸா கோவத்துல ஸ்டைனுக்கு நூத்துக்குப் பதினெட்டு விழுந்துச்சுன்னு சொல்லி அந்தம்மாவை மறுபடியும் ஏசினாங்க. மாநிலம் பூரா டிரம்ப் முந்தினது 80,000, ஸ்டைன் வாங்கினது 45,000-க்கும் கீழ. அத்தனையையும் கமலா ஹாரிஸ் மடியில கொட்டினாலும் எட்டாது. கழித்தல் தெரியாதவங்க பண்ணுத அரசியல்.

ஆனா ஏசுதவனை விட வாழைமரம் கட்டுதவன்தான் எனக்குப் பிடிச்ச ஆளு, அவனைத்தான் நீ கவனிக்கணும். 2000-ல நேடர் கோரைத் திட்டின பேச்சை வெட்டி டி.வி.யில விளம்பரமாப் போட்டது ஒரு ரிபப்ளிக்கன் அமைப்பு. 2004-ல மிச்சிகன் சீட்டுல நேடர் பேரு வரக் கையெழுத்து வேணும். தெருத் தெருவா அலைஞ்சு ஆயிரக்கணக்குல வாங்கிக் குடுத்தது ரிபப்ளிக்கன் கட்சி. இடதுசாரி மேல திடீர்னு என்னா பாசம்! ஜனாதிபதி எலெக்‌ஷன் இல்லைன்னாலும் இன்னொண்ணையும் கேளு. 2020, மயாமி, மாநில செனட் சீட்டு. ரோட்ரிகெஸ்னு ஒரு டெமாக்ரட். அவருக்கு எதிரா அதே ரோட்ரிகெஸ்னு பேருள்ள ஒருத்தன் சுயேச்சை. பிரசாரமே பண்ணாம 6,000-க்கு மேல வாங்கிட்டான். நெசமான ரோட்ரிகெஸ் 32 ஓட்டுல காலி. ரிபப்ளிக்கன் கட்சி முன்னாள் செனட்டர் ஒருத்தரு காசு குடுத்து நிறுத்தின ஆளுன்னு வெளிய வந்து, 2024-ல கோர்ட்டு அவரைக் குத்தவாளின்னு சொல்லிட்டு. ஒரே பேர்ல நாலு பேரை நிறுத்துத வித்தையை நம்ம ஆளுங்கதான் கண்டுபுடிச்சாங்கன்னு நான் பெருமையா இருந்தேன். கடல் கடந்தும் போட்டி இருக்கு.

கடையைப் போட்டவனே கடையைத் தூக்கிட்டு எதிர்த்த கடைக்கு மாஸ்டராப் போன கதையும் உண்டு. ராபர்ட் கென்னடி ஜூனியர். டெமாக்ரட் குடும்பத்துப் பிள்ளை, 2024-ல சுயேச்சை. நியூயார்க்ல என் வீடுன்னு ஒரு சிநேகிதன் வீட்டு அறையைக் காட்டினாரு. அது வீடே இல்லை, நீ கலிபோர்னியாக்காரன்னு ஜட்ஜு பேரை நீக்கிட்டாரு. ரேஷன் கார்டு பிரச்சினை நமக்கு மட்டும்தான்னு நெனைக்காதே. தன்னால டிரம்ப் ஓட்டுத்தான் கொறையுதுன்னு கணக்குத் தெரிஞ்சதும், ஆகஸ்ட் 23 அன்னைக்கு நிறுத்திக்கிடுதேன், டிரம்புக்கே ஆதரவுன்னுட்டாரு. அதுக்குப் பொறவுதான் வேடிக்கை. இழுபறியா இருக்க மிச்சிகன்ல, விஸ்கான்சின்ல, என் பேரை எடுங்கன்னு ஒரு கேசு. டெமாக்ரட் எப்படியும் ஜெயிக்கப் போற நியூயார்க்ல என் பேரைப் போடுங்கன்னு இன்னொரு கேசு. ரெண்டுக்கும் சுப்ரீம் கோர்ட்டு கை விரிச்சிட்டு. உங்க ஊருச் சீட்டுல அவரு பேரு அப்படியே இருந்துச்சு, வாபஸ் வாங்கின ஆளுன்னு தெரிஞ்சும் 20,000-க்கு மேல குத்தியிருக்காங்க. அடுத்த பிப்ரவரியில அவரு சுகாதார மந்திரி. நம்ம ஊர்ல வாபஸ் வாங்கினா ஏதாச்சும் வாரியம் கெடைக்கும். அங்க மந்திரியே கெடைக்கு.

அது புதுசும் இல்லை. 1824-ல நாலு பேரு நின்னு ஒருத்தருக்கும் எலக்டோரல் ஓட்டுல பாதிக்கு மேல கெடைக்கலை. அப்படின்னா பிரதிநிதிகள் சபைதான் ஜனாதிபதியைப் பொறுக்கணும், மாநிலத்துக்கு ஒரே ஓட்டு. 99 வாங்கி மொதல்ல இருந்த ஜாக்சனை விட்டுட்டு, 84 வாங்கின ஆடம்ஸுக்கு ஆதரவு குடுத்தாரு நாலாவது வந்த ஹென்றி கிளே. ஆமா, மேல சொன்ன அதே கிளேதான். ஆடம்ஸ் ஜனாதிபதி, கிளே வெளியுறவு மந்திரி. இன்னைக்கும் சட்டம் மாறலை: யாருக்கும் 270 வராட்டா 3.9 கோடிப் பேரு இருக்க கலிபோர்னியாவுக்கும் ஒரு ஓட்டு, ஆறு லட்சம்கூட இல்லாத வயோமிங்குக்கும் ஒரு ஓட்டு. இந்தப் பேரத்துல குந்தலாம்னுதான் வாலஸ் 1968-ல கனவு கண்டாரு. ரிபப்ளிக்கன் நிக்சனுக்கு 301 வந்துட்டு, கடையைக் கட்டிட்டாரு.

பொறவு எதுக்குத் தாத்தா நல்லவனெல்லாம் நிக்கான்னு கேப்பே. 1892-ல மக்கள் கட்சின்னு விவசாயிங்க நின்னாங்க. பணக்காரனுக்கு வருமான வரி போடு, செனட்டரை ஜனங்களே தேர்ந்தெடுக்கட்டும்னு கேட்டாங்க. பைத்தியக்காரங்கன்னு சிரிச்சவன் 1913-க்குள்ள ரெண்டையும் அரசியல் சட்டத்துலயே சேத்துக்கிட்டான். கடையை மூடிட்டு, மசாலாவைத் திருடிக்கிட்டாங்க. யூஜின் டெப்ஸ்னு ஒருத்தரு சண்டைக்கு எதிராப் பேசினதுக்கு அட்லாண்டா ஜெயில்ல போட்டாங்க. 1920-ல கைதியா இருந்துக்கிட்டே நின்னு ஒன்பது லட்சத்துக்கு மேல வாங்கினாரு. அந்த ஒன்பது லட்சம் பேரும் ஜெயிப்பாருன்னு நெனைச்சா போட்டாங்க? அவங்களை நான் ஏளனம் பண்ண மாட்டேன். எலான் மஸ்க் 2025 ஜூலையில அமெரிக்கா கட்சின்னு அறிவிச்சாரே, அதை வேணா பண்ணலாம். ஆப்பிரிக்காவுல பொறந்த ஆளு, ஜனாதிபதிக்கு நிக்கவே முடியாது. நீயும் முடியாது, சந்தோசப்படு. உன் மகன் நிக்கலாம்; இப்போவே அவனுக்குக் கையெழுத்து வாங்கக் கத்துக்குடு.

ஆக 2028-ல உன் யோக்கியன் நின்னான்னா, அவன் பேச்சைக் கேக்குததுக்கு முன்னால அவன் கையெழுத்து நோட்டை யாரு தூக்கிக்கிட்டு அலையுதான்னு பாரு. பொறவு உன் மாநிலத்தைப் பாரு. மெய்ன்ல இருந்தா மொத விருப்பம், ரெண்டாவது விருப்பம்னு வரிசையா எழுதலாம், உன் ஆளு கழிஞ்சா ஓட்டு அடுத்தவனுக்குப் போயிரும். மிச்சிகன்ல அந்த வசதி கிடையாது. கலிபோர்னியாவுல இருந்தா யாருக்கு வேணா போடு, முடிவு மாறாது.

உன் மச்சினன் கலிபோர்னியாவுலதானே இருக்கான், பக்கா டெமாக்ரட்டுன்னு உன் வீட்டுக்காரி சொன்னா. 2000-ல இப்படி இருந்தவங்க ஒரு காரியம் பண்ணினாங்க. இழுபறி மாநிலத்துக்காரன் கோருக்குப் போடுறது, பதிலுக்கு நிச்சய மாநிலத்துக்காரன் நேடருக்குப் போடுறது. கலிபோர்னியா சர்க்கார் கேசு போடுவேன்னு மெரட்டினதுல கொஞ்ச நாள் பதுங்கிட்டாங்க. 2007-ல மேற்குப் பக்கத்து அப்பீல் கோர்ட்டு, காசு கைமாறாத வரைக்கும் அது ரெண்டு பேரு பேசிக்கிடுத பேச்சு, தடுக்கப்படாதுன்னுட்டு. நீ உன் மச்சினன்கிட்டப் பேசிப் பாரு. மிச்சிகன்ல நீ அவன் ஆளுக்குப் போடு, அங்க அவன் உன் யோக்கியனுக்குப் போடட்டும். உன் கொள்கைக்கு ஒரு ஓட்டுக் குறையாது, வீட்டுலயும் சோறு கெடைக்கும்.

ஆனா தெரையை மூடிக்கிட்டு அவன் யாருக்குப் போட்டான்னு உனக்கு எப்படித் தெரியும்? போன தீவாளிக்கு உங்கிட்ட வாங்கின 500 டாலரைத் திருப்பிக் குடுத்துட்டானாலே?